நீலகிரிச் சமையலறையில் சீனக் காரமுறை ஆவி மீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவியில் வேகவைத்த மீனைப் பற்றிய செய்முறைக் குறிப்புகள் பெரும்பாலும் கடற்கரை ஊர்களையும் சமவெளியையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் அவற்றை அப்படியே பின்பற்றுபவர்கள் மேலே வெந்தும் முள்ளோரம் வேகாமலும் இருக்கும் மீனைக் கண்டு, குறையை மீன் மீதோ அடுப்பின் மீதோ சுமத்துகிறார்கள். மலையூரில் இந்த உணவைச் சமைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

சீனாவில் ஆவி மீன் காரமில்லாத பத்திய உணவு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காரமான வகை உண்மையிலேயே உண்டா?

உண்டு. தெற்கே குவாங்டாங் மாகாணத்தில் இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ், சூடான எண்ணெய் ஆகியவற்றோடு நின்றுவிடும் மென்மையான ஆவி மீன்தான் வெளிநாடுகளில் அதிகம் அறியப்பட்டது. அதற்கு வடக்கே உள்ள ஹுனான் மாகாணமோ காரத்துக்குப் பெயர்போனது. அங்கே பெரிய கெண்டை மீனின் தலையை இரண்டாகப் பிளந்து விரித்து, துவோ ஜியாவ் எனப்படும் உப்பிட்டுப் புளிக்கவைத்த சிவப்பு மிளகாய் நறுக்கலை அதன்மேல் மூடிப் பரப்பி ஆவியில் வைப்பார்கள். இந்தப் பக்கம் பேசுவது அந்த ஹுனான் முறையைத்தான். தலைக்குப் பதிலாக முழு மீனையோ நடுத்துண்டையோ வைத்தாலும் முறை மாறாது.

குறிப்பில் 8 நிமிடம் என்று இருக்கிறது. ஊட்டியில் 8 நிமிடம் கழித்துத் திறந்தால் முள்ளோரம் பச்சையாகவே இருக்கிறதே, ஏன்?

காரணங்கள் இரண்டு. முதலாவது பலரும் அறிந்தது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் ஏறக்குறைய 99 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் 94 டிகிரியை ஒட்டியும், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலும் கொதிக்கிறது. சாதாரண மூடியிட்ட பாத்திரத்தில் ஆவியின் வெப்பம் கொதிநீரின் வெப்பத்தைத் தாண்டாது. ஆகவே கடற்கரையில் 100 டிகிரி ஆவியில் வேகும் மீன் இங்கே 92 டிகிரி ஆவியில் வேகிறது. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேகவைக்க முயன்ற மலைவாசிகள் எவருக்கும் இது புதிய செய்தியன்று.

ஆனால் மீன் பருப்பைப் போன்றதன்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மீனின் தசை 60 டிகிரியை ஒட்டியே வெந்துவிடுகிறது. 92 டிகிரி ஆவி அதற்குத் தாராளம். உயரத்தால் மட்டும் கூடும் நேரம் ஏழில் ஒரு பங்கு அளவே, அதாவது 8 நிமிடத்துக்கு ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம்தான்.

இரண்டாவது காரணத்தைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை: மீன் எவ்வளவு குளிர்ச்சியிலிருந்து புறப்படுகிறது என்பது. சென்னைச் சமையலறையில் அரை மணி நேரம் வெளியே வைத்த மீன் 28 டிகிரிக்கு வந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் ஊட்டிச் சமையலறையில் அதே மீன் 12 டிகிரியிலேயே கிடக்கும். அதை ஏந்தும் பீங்கான் தட்டும் அவ்வளவே குளிர்ந்திருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால் இவ்விரண்டு காரணங்களும் சேர்ந்து வேகும் நேரத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. அதில் பெரும் பங்கு குளிர்ச்சியுடையது, உயரத்துடையதன்று. ஆகவே தடித்த இடத்தில் 3 சென்டிமீட்டர் அளவுள்ள அரைக் கிலோ முழு மீனுக்குச் சமவெளிக் குறிப்பு 8 நிமிடம் சொன்னால், குளிர்கால ஊட்டியில் 12 நிமிடம் வரை வைக்கலாம். கோடையில், வெயில் விழும் சமையலறையில், 10 நிமிடம் போதும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் இதைவிட ஏறக்குறைய அரை நிமிடம் குறைத்துக்கொள்ளலாம்.

தீயைக் கூட்டினால் நேரம் குறையாதா?

குறையாது. நீர் தளதளவென்று கொதித்து ஆவி நிறைந்து வெளிவரும் நிலைக்குப் பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவியின் வெப்பம் ஒரு டிகிரிகூட ஏறாது. நீர்தான் விரைவில் வற்றும். தீ தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். குளிர்ந்த வராந்தாவில் கிடக்கும் எரிவாயு உருளை, அதிலும் தீரும் தறுவாயில் இருப்பது, காலை வேளையில் தழலைத் தாழ்த்திவிடும். அத்தகைய நாளில் மீன் வேகாமல் போவதற்கு மலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் பிரஷர் குக்கரில் வெயிட் போட்டு வைத்துவிடலாமே?

வேண்டாம். வெயிட் போட்ட குக்கரில் வெப்பம் 110 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அரை நிமிடம் தவறினாலும் சதை நாராகப் பிரிந்து, அதிலுள்ள சாறு முழுதும் தட்டில் இறங்கிவிடும். இடையில் திறந்து பார்க்கவும் முடியாது. வெயிட்டும் கேஸ்கெட்டும் இல்லாமல் அகன்ற குக்கரை வெறும் பாத்திரமாகப் பயன்படுத்துவதில் தடையில்லை. அதைவிட இட்லிக் கொப்பரை சிறந்தது: வாய் அகலம், மூடி குவிந்தது, தாங்கி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மீனுக்கென்று மூங்கில் அடுக்குப் பெட்டி வாங்க வேண்டிய தேவை எந்தத் தமிழ் வீட்டுக்கும் இல்லை என்பது என் கருத்து.

மலையில் எந்த மீனை வாங்குவது?

ஹுனான் முறைக்கு மிக அருகில் வருவது கட்லாவின் தலை. அங்கே அவர்கள் பயன்படுத்தும் பெருந்தலைக் கெண்டையைப் போலவே கட்லாவுக்கும் உடலை மிஞ்சிய தலை. கன்னத்திலும் பிடரியிலும் கொழுப்பும் பசையும் நிறைந்த சதை. நன்னீர்க் கட்லாவும் ரோகுவும் கடல்மீன்களும் மலைப்பாதை ஏறித்தான் நம் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. ஒரு கிலோ அளவுள்ள தலையைக் கீழ்த்தாடைப் பக்கமிருந்து பிளந்து, மேற்புறம் ஒட்டியிருக்குமாறு புத்தகம்போல் விரித்துத் தரும்படி கடைக்காரரிடமே கேளுங்கள்; வீட்டுக் கத்தியால் அதைச் செய்வது ஆபத்து.

மலையின் சொந்த மீன் என்று சொல்லத்தக்கவை இரண்டு. இரண்டும் வெளியிலிருந்து வந்து குடியேறியவையே. வானவில் டிரௌட் மீனுக்கான குஞ்சு பொரிப்பகம் அவலாஞ்சியில் 1907இல் நிறுவப்பட்டது. கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. டிரௌட் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதன்று. கிடைத்தால் அதன் மென்சதை ஆவிக்கு மிகவும் ஏற்றது. செதில் மிகச் சிறியதாதலால் சுரண்டத் தேவையில்லை, வழவழப்பை உப்பால் தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் மிளகாயைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதன் மெல்லிய சுவை அடிபட்டுப் போகும். கண்ணாடிக் கெண்டை காரத்தைத் தாங்கும். சதைக்குள் கிளைவிட்ட நுண்முட்கள் உண்டு, ஆகவே குழந்தைகளுக்குத் தருவதாயின் விலாப்பகுதியை மட்டும் எடுத்துத் தரவும்.

கடல்மீன்களில் கொடுவா, வாவல், சங்கரா ஆகியவை பொருந்தும். வஞ்சிரத் துண்டுகள் ஆவியில் வறண்டுவிடும். அவற்றை வறுவலுக்கே விட்டுவிடுவது நல்லது. மத்தியும் அயிலையும் குழம்புக்கு உரியவை.

வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம்தான். இங்கே மட்டும் கூடுதலாக ஒன்று: குளிர்ந்த ஊரில் கெட்ட மீனும் அவ்வளவாக நாறாது. மூக்கை மட்டும் நம்பாமல், விரலால் அழுத்திச் சதை மீள்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பைக்குத் தடையுள்ள மாவட்டமாதலால் மூடியுள்ள பாத்திரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோவதும் நன்று.

ஏரி, அணை மீன்களில் சேற்று வாடை அடிக்கிறது. மஞ்சள் தூள் போட்டுக் கழுவலாமா?

கழுவலாம், ஆனால் இந்த உணவுக்கு அது உதவாது. மஞ்சளின் நிறமும் மணமும் கடைசிவரை தங்கிவிடும். சேற்று வாடைக்குக் காரணம், நீரிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருள். அது புளிப்பால் சிதையும் தன்மையுடையது. ஆகவே கல்லுப்பும் சிறிதளவு வினிகரும், அல்லது நீர்த்த புளிக்கரைசலும் ஊற்றிப் பிசறி, ஐந்து நிமிடம் கழித்து நன்றாக அலசிவிடுங்கள். வயிற்றின் உட்புறத்துக் கருஞ்சவ்வையும், நடுமுள்ளை ஒட்டிய இரத்தக்கட்டையும் சுரண்டி எடுக்காமல் வேறு எதைச் செய்தாலும் வாடை போகாது. பிறகு துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு வைத்த மீன் ஆவியில் வேகாமல் தன் நீரிலேயே வேகும்.

உப்பிட்ட மிளகாயை வீட்டில் எப்படிச் செய்வது?

இந்த உணவின் உயிர் இதில்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் மிளகாய் சாஸ் எதுவும் இதற்கு ஈடாகாது. நன்றாகப் பழுத்த, சதைப்பற்றுள்ள சிவப்பு மிளகாய் அரைக் கிலோவைக் காம்போடு கழுவி, துணியில் பரப்பி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாதவாறு உலர்த்த வேண்டும். மலையில் மழைமாதங்களில் இதற்கு ஒரு முழுநாள் ஆகும். அவசரப்பட்டு ஈரத்தோடு நறுக்கினால் பூஞ்சை பிடிப்பது உறுதி. காம்பைக் கிள்ளிவிட்டு, பருப்பு அளவுக்கு நறுக்கி, 50 கிராம் உப்பு, ஒரு கைப்பிடி பூண்டு, அதில் பாதி இஞ்சி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிச் சேர்த்துப் பிசையவும். அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் துவையலாகிவிடும். நறுக்கலின் கடிபடும் தன்மை இதற்கு வேண்டும். மிளகாய் எடையில் பத்தில் ஒரு பங்கு உப்பு என்பதைக் குறைக்கக் கூடாது, ஏனெனில் கெடுக்கும் கிருமிகளைத் தடுத்து, புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு மட்டும் இடம் தருவது அந்த உப்பே.

வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடி ஜாடியில் அழுத்தி நிரப்பி, மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு, மூடியைத் தளர்வாக இட்டு வையுங்கள். சமவெளியில் ஒரு வாரத்தில் புளிப்பு ஏறிவிடும். ஊட்டியின் குளிரில் இரண்டு வாரம், சில வேளைகளில் மூன்று வாரம் பிடிக்கும். இதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. மெதுவாகப் புளித்த மிளகாய் நிறம் மங்காமல் இருக்கும். ஊறுகாய்க்கு வெயில் காட்டும் பழக்கத்தில் இதையும் வெயிலில் வைத்துவிடாதீர்கள். புளிப்பு போதுமென்று தோன்றியதும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றவும். மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ மயிர்போல் பூத்திருந்தால் வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தாமல் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

பூண்டைப் பொறுத்தவரை இந்த மலையிலேயே விளையும் ஊட்டிப் பூண்டு காரமும் மணமும் மிகுந்தது; சமவெளிப் பூண்டுக்குச் சொல்லப்பட்ட அளவில் முக்கால் பங்கு போதும். கூடலூர்ப் பக்கத்தவர்கள் காந்தாரி மிளகாயைப் பயன்படுத்த விரும்புவார்கள். கால் பங்குக்கு மேல் அதைச் சேர்த்தால் மீன் இருப்பதே தெரியாது.

இரண்டு வாரம் காத்திருக்க இயலாதவர்கள் என்ன செய்வது?

நறுக்கிய சிவப்பு மிளகாயை உப்பு, சில துளி வினிகர், ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்து இரவு முழுதும் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறொரு உணவு.

அரிசி மது, உப்பிட்ட கருஞ்சோயா, வெளிர் சோயா சாஸ் ஆகியவை இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அவை கட்டாயமா?

அரிசி மதுவின் வேலை வாடையைப் போக்குவது. ஒரு மேசைக்கரண்டி இஞ்சிச் சாறு அந்த வேலையைச் செய்துவிடும். உப்பிட்டு நொதிக்கவைத்த கருஞ்சோயா ஒரு தேக்கரண்டி இருந்தால் சுவைக்கு ஆழம் கூடும், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். சோயா சாஸில் மட்டும் கவனம் தேவை. நம் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் கரிய சாஸ் நூடுல்ஸுக்கு நிறமேற்றுவதற்கானது. மீன்மேல் ஊற்றினால் எல்லாம் பழுப்பாகிவிடும். வெளிர் வகை கிடைத்தால் இரண்டு தேக்கரண்டி, கரியது மட்டுமே கிடைத்தால் ஒரு தேக்கரண்டியை அதே அளவு வெந்நீரில் கலந்து கொள்ளவும். மிளகாயிலேயே உப்பு மிகுதியாதலால் மீனுக்குத் தனியாக உப்புத் தடவுவது மிகச் சிறிதளவே இருக்க வேண்டும்.

அடுப்பில் வைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் கொப்பரையில் நான்கு விரற்கடை நீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். கொதிக்காத நீரின்மேல் மீனை வைத்துவிட்டு நேரத்தை எண்ணக் கூடாது. நீர் சூடேறும்போதே வெறும் தட்டை உள்ளே வைத்துச் சூடாக்கிக்கொள்வது இந்த ஊருக்கு மிகவும் தேவையான ஏற்பாடு. சற்றுக் குழிந்த எவர்சில்வர் தட்டு பீங்கானைவிட விரைவில் சூடேறும். இதற்கிடையே மீனின் தடித்த இடத்தில் இருபுறமும் முள்வரை இரண்டு மூன்று கீறல்கள் இட்டு, இஞ்சிச் சாறும் சிறிது உப்பும் தடவிப் பத்து நிமிடம் வைக்கவும்.

சூடான தட்டை இடுக்கியால் எடுத்து, அதில் வெங்காயத்தாள் தண்டுகளையும் இஞ்சிச் சீவல்களையும் குறுக்காகப் பரப்பி, அவற்றின்மேல் மீனைக் கிடத்துங்கள். அடியிலும் ஆவி புகுவதற்கு இந்தப் படுக்கை உதவும். உப்பிட்ட மிளகாயை மீன் மூடும்படி, அரைக் கிலோவுக்கு நான்கு மேசைக்கரண்டி அளவில் பரப்பி, இருந்தால் கருஞ்சோயாவையும் தூவி உள்ளே வைக்கவும். மூடியின் உட்புறம் திரளும் நீர் மீன்மேல் சொட்டாதிருக்க, மூடியைத் துணியால் கட்டி, துணியின் முனைகளை மேலே முடிந்துகொள்ள வேண்டும். தொங்கவிட்டால் தீப்பிடிக்கும். ஒரு கிலோ கட்லாத் தலைக்குச் சமவெளியில் 12 முதல் 15 நிமிடம், ஊட்டிக் குளிரில் 18 முதல் 20 நிமிடம். நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள்.

வெந்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

தலையை அடுத்துள்ள தடித்த இடத்தில் ஈர்க்குச்சி ஒன்றைச் செருகுங்கள். தடையின்றி முள்வரை இறங்க வேண்டும். சற்றே நெம்பினால் சதை முள்ளிலிருந்து தானே விலக வேண்டும். கண் வெண்மையாகிப் புடைத்திருப்பதும் அடையாளம்தான் என்றாலும், கண் முதலிலேயே வெந்துவிடுவதால் அதை மட்டும் நம்பக் கூடாது. சதை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தால் மூடி மீண்டும் இரண்டு நிமிடம் வைக்கவும். அடிக்கடி திறந்தால் உள்ளிருக்கும் ஆவியெல்லாம் போய்விடும்.

தட்டில் சேரும் நீரைக் கொட்டிவிட வேண்டுமா?

குவாங்டாங் முறையில் கொட்டிவிடுவார்கள். அந்தத் தெளிந்த சுவைக்கு இந்த நீரின் வாடை ஆகாது. ஹுனான் முறையில் மிளகாயின் புளிப்பும் உப்பும் மீனின் சாறும் கலந்த அந்த நீரே குழம்பு. அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தால் மட்டும் பாதியைச் சிறு சட்டியில் ஊற்றிச் சுண்டவைத்து, சோயா சாஸைக் கலந்து திரும்ப ஊற்றலாம்.

கடைசியில் ஊற்றும் எண்ணெய் எது?

கடலை எண்ணெய். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயை மெல்லிய புகை எழும்வரை காய்ச்சி, மிளகாயின்மேல் புதிதாகத் தூவிய வெங்காயத்தாள், பூண்டு நறுக்கல் ஆகியவற்றின்மீது ஊற்ற வேண்டும். சீறும் ஒலி கேட்காவிட்டால் எண்ணெய் காயவில்லை என்று பொருள். சீனர்கள் பயன்படுத்துவது வறுத்த எள்ளிலிருந்து எடுத்த எண்ணெய், அதுவும் மணத்துக்காகச் சில துளிகள் மட்டும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளினது, அதன் இயல்பே வேறு. ஆகவே நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது பொருந்தாது. ஊட்டியில் தட்டு விரைவில் ஆறிவிடுமாதலால், அனைவரும் உட்கார்ந்த பிறகே எண்ணெய் ஊற்றுங்கள்.

நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு சேர்க்க வேண்டாமா?

தேவையில்லை. அது மேற்கேயுள்ள சிச்சுவான் மாகாணத்தின் பாணி. ஹுனான் காரத்தில் மரமரப்பு கிடையாது, புளிப்பும் உப்பும் கலந்த நேரடிக் காரம்தான்.

இந்த மலைக்கும் சீனச் சமையலுக்கும் பழைய தொடர்பு உண்டு என்கிறார்களே?

19ஆம் நூற்றாண்டில் நடுவட்டத்தில், கொயினா மருந்து தரும் சிஞ்சோனா மரத் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகள் பயன்படுத்தப்பட்டதும், அவர்களில் சிலர் விடுதலைக்குப் பிறகு தமிழ்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கியதும் உண்மை. ஆனால் இந்த மீன் உணவை அவர்களோடு இணைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

எதனோடு பரிமாறுவது? மீந்தால் என்ன செய்வது?

ஹுனானில் மீனைத் தின்று முடித்ததும் தட்டில் மிஞ்சிய குழம்பில் வெந்த நூடுல்ஸைப் போட்டுப் புரட்டித் தருவார்கள். அந்த வேலைக்கு நம் சந்தகை அதைவிடப் பொருத்தமானது; அரிசி இழை குழம்பை உறிஞ்சிக்கொள்ளும், கோதுமை இழைபோல் வழுக்காது. எண்ணெயும் தேங்காயும் சேர்க்காத வெறும் சந்தகையாக இருக்க வேண்டும். வெள்ளைச் சோறும் நன்று. ரொட்டியும் பரோட்டாவும் ஒத்துவரா.

மீந்த மீனை மறுபடி ஆவியில் வைத்தால் சக்கையாகிவிடும். முள்ளை நீக்கிச் சதையை உதிர்த்து, மிளகாயோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, மறுநாள் கொதிக்கும் அரிசிக் கஞ்சியை இறக்கும் தறுவாயில் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கவும். கஞ்சிக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம்.